அடிபடாத பந்து

ஸ்காட்லாந்தின் கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் ஆடத் தெரியாதவன்கூடப் பிழைத்துக்கொள்வான். பழைய பந்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசத் தெரியாதவன் பிழைக்க முடியாது. எங்கள் பழம்பந்துச் சங்கத் தலைவர் மங்கோ பிட்கெத்லி அதற்கென்றே பிறந்தவர்.

அவரிடம் ஒரு பந்து இருந்தது. தோலுக்குள் இறகைத் திணித்து ஆடிய காலம் போய், மலேயா மரப்பிசினை உருட்டி ஆடத் தொடங்கிய புதிதில் செய்த வழவழப் பந்து. அந்த ரகம் தொப்பென்று விழும். அடிவாங்கித் தழும்பேறியவைதான் நேராகப் பறந்தன. அதைப் பார்த்துப் பந்து செய்கிறவர்களே புதுப் பந்தைச் சுத்தியலால் கொத்தி விற்றார்கள்; இன்றைய பந்தின் குழிகள் அந்த வம்சம். அதனால் அடிபடாத பந்து அபூர்வம். மங்கோவின் தலைமையும் மரியாதையும் அந்த வழவழப்பில்தான் நின்றன.

சங்கத்தின் பழம்பந்துக் கண்காட்சியன்று காலை தோட்டத்தில் அதை ஒரே ஒருமுறை, செல்லமாக, இரும்பு மட்டையால் தட்டிப் பார்த்தார். பிறை போல ஒரு வெட்டு விழுந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடினேன்.

"எஃபி! எல்லாம் போச்சு!"

"யாரு செத்தா?" அடுப்படியிலிருந்து அவர் மனைவி.

"நான்தான்! அந்தக் கஞ்சிச் சட்டியக் குடு!"

"அதுல கஞ்சி இருக்கு."

"கொட்டுடீ!"

அடிபட்ட பிசின் பந்தைக் கொதிநீரில் இளக்கி மறுபடி உருட்டுவது அந்தக் காலத்து வழக்கம். மங்கோ கை வெந்து, அழுதுகொண்டே உருட்டினார். வெட்டு மறைந்தது. வாசலில் சங்கத்தின் கார் ஹாரன் அடித்தபோதுதான் கவனித்தார்: ஆறி இறுகிய பந்தில் அவருடைய வலது கட்டைவிரல் ரேகை, அச்சு அசலாக.

மண்டபத்தில் செயலாளர் லாக்லன் மென்ஸீஸ் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். மங்கோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, என்னய்யா இது?"

மங்கோ வலது கையைக் கோட்டுப் பைக்குள் ஒளிக்க, லாக்லன் துள்ளி நிமிர்ந்தார்.

"செஞ்சவனோட விரலய்யா! இத்தன வருஷமா நம்ம கண்ணுல படலியே!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அந்த ரேகையைப் பெரிதாக்கி மதுக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறோம். விஸ்கியோடு வருகிறவர்கள் ஆளுக்கொரு விரலை வைத்துப் பார்ப்பது இப்போது எங்கள் விளையாட்டு. இந்த ஊரில் கோல்ஃப் ஆடும்போது எல்லோரும் இடது கையில் மட்டும் உறை போடுவோம். மங்கோ இரண்டிலும் போடுகிறார். கஞ்சி குடிக்கும்போதும் கழற்றுவதில்லையாம், எஃபி சொன்னாள்.

"தலைவரே, நீங்க மட்டும்தான் பாக்கி," என்று தினமும் மாலையில் கூப்பிடுகிறார் லாக்லன். "வாங்க, சும்மா வச்சுப் பாருங்க."