ஆராயி போடாத கையெழுத்து

வண்டி ஆராயி பேரில்தான் இருந்தது. பொம்பளை பேரில் எடுத்தால் லோன் வட்டி கொஞ்சம் குறையும் என்று யாரோ சொல்ல, சுப்பு யோசிக்காமல் பெண்டாட்டி பேரைக் கொடுத்துவிட்டான். அதனால் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் அர்விந்த் பேனாவை நீட்டியது அவளிடம்.

"கையெழுத்து மட்டும் போடுங்க ஆன்ட்டி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு டென்ஷனே இல்ல."

ரிப்பேர் முடிந்துவிட்டது. பில்லும் கட்டியாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிக்கப் வண்டி கழுவித் துடைத்து நிற்கிறது. டெல்லி ஆசாத்பூர் மண்டியிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கு வாழை இலையும் தேங்காயும் ஏற்றிப்போய் ஒன்பது நாளாகிறது. கடைக்காரர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒரு காகிதம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனி கொடுத்த வாரண்டி இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். அதற்குள் காசு கட்டி நீட்டித்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வண்டி ஏன் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சுப்பு அடித்த கூத்து. ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டான், சந்தனம் குங்குமம் வைத்தான், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். அதோடு விட்டானா? பானெட்டைத் திறந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை எஞ்சின் மேலேயே கவிழ்த்தான். "வெளிய மட்டும் பூசினா போதுமா? உசுரு உள்ளதான இருக்கு" என்று விளக்கம் வேறு. இருபது வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டியபோதும் பூஜைக்குப் பூஜை இதையேதான் செய்தான். அந்தப் பழைய எஞ்சின்கள் குளித்து முழுகிவிட்டு ஜோராகக் கிளம்பின. இதுவோ புது வண்டி, வாங்கியபின் வந்த முதல் ஆயுத பூஜை. உள்ளே திறந்தால் ஒயரும் கம்ப்யூட்டர் டப்பாவும்தான். மறுநாள் ரிங் ரோட்டில் இலைக்கட்டோடு நின்றது, நின்றதுதான்.

'கஸ்டமர் தப்பு, வாரண்டி கிடையாது' என்று எழுதிவிட்டார்கள். ஒர்க்ஷாப் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் பூத்த ஒயரை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒடுங்கியவன்தான் சுப்பு. ரோட்டோரம் யார் வண்டி நின்றாலும் இறங்கிப் போய்க் கையை விட்டுப் பார்க்கிற மனுஷன், ஒன்பது நாளாக வீட்டில் ஒரு ஃபேன் சுவிட்சைக்கூட யோசித்து யோசித்துப் போட்டான். இப்போது வாரண்டி என்றதும் முதலில் தலையாட்டியது அவன்தான்.

"போட்டுரு ஆராயி. என் கை சரியில்ல. இனிமே எதுனாலும் இவங்களே பாத்துக்கட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஊற்றியபோது பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டியவள் அவளும்தானே?

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்றாள் அர்விந்திடம்.

அர்விந்த் மயூர் விஹார் பையன், டெல்லியிலேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், தமிழில் எழுதப் படிக்க வராது; காகிதமோ இங்கிலீஷில் இருந்தது. ஆராயி என்ற பேரைப் பார்த்ததுமே 'நம்ம ஆளு' என்று டீ வரவழைத்துக் கொடுத்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு இத்தனை வாரண்டி விற்றாக வேண்டும் என்று அவன் தலையிலும் கட்டியிருப்பார்கள்.

"எல்லாம் கவர் ஆகும் ஆன்ட்டி. எஞ்சின், கியர் பாக்ஸ், பக்கா."

"நாங்க ஊத்துன தண்ணி?"

அவன் காகிதத்தைப் புரட்டினான். "மத்லப்... அதாவது, தண்ணி போனா வராது."

"வேற என்னென்ன வராது?"

"கிளட்ச் வராது. பிரேக் வராது. ஒயர எலி கடிச்சா வராது." குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் வெளி ஆளு யாரும் எஞ்சினத் தொடக்கூடாது. தொட்டா வாரண்டி கேன்சல்."

"வெளி ஆளுன்னா இவருமா?" ஆராயி புருஷனைக் காட்டினாள்.

அர்விந்த் சிரித்தான். "அங்கிள் தொடாம இருக்கத்தான ஆன்ட்டி இதே!"

பக்கத்து மேஜைக்காரனும் சிரித்தான். சுப்புவும் கூடச் சேர்ந்து சிரித்தான் பாருங்கள், அதைத்தான் ஆராயியால் பொறுக்க முடியவில்லை.

ஜனக்புரியில் ஐந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்த காலத்தில் அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்ட பேச்சு அது. ஹாத் மத் லகானா. ஃபிரிட்ஜைத் தொடாதே, டிவியைத் தொடாதே, சாமி அலமாரியைத் தொடாதே. சரி, அவர்கள் வீடு, அவர்கள் சாமான். வாயை மூடிக்கொண்டு கேட்டாள். சொந்தமாக வாங்கிய வண்டியிலும் அதையே கேட்க வேண்டுமா? அதுவும் கையிலிருந்து காசு கொடுத்து?

"வேணாம் தம்பி" என்று பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, நம்ம ஊர்க்காரங்கன்னுதான் சொல்றேன். நாளைக்கு எஞ்சின் போச்சுன்னா முழுச் செலவும் உங்க தலைலதான்."

பையன் சொன்னது பொய்யில்லை. எஞ்சின் போனால் அவர்கள் கதை கந்தல்தான், லோன் இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது. ஆராயிக்கும் அது தெரியும். தெரிந்தேதான் பேசினாள்.

"நாலு ஒயரத் துடைக்க ஒம்போது நாளு எடுத்தீங்க. வழியில நின்னா இவரு அங்கயே எறங்கிப் பாப்பாரு. உன் காகிதத்துல கையெழுத்துப் போட்டா, உங்காளு வர்ற வரைக்கும் எலைய அழுவ விட்டுட்டு நாங்க ரோட்ல குந்தியிருக்கணும். தப்பு செஞ்சாரு, ஆமா. காசு கட்டிட்டோம். அதுக்காவ ஆயுசுக்கும் கையக் கட்டிக்கச் சொல்லுவியா?"

"ஆராயி, ஜல்தி ஜல்தியா முடிவு பண்ணாத" என்று சுப்பு அவள் கையைப் பிடித்தான்.

"நீங்க வாங்க" என்று அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அர்விந்த் சாவியோடு பின்னாலேயே வந்தான். சுப்பு தலையைக் குனிந்துகொண்டு டிரைவர் பக்கக் கதவுக்குப் போனான்.

"நில்லுங்க. பானெட்டத் தொறங்க."

"எதுக்கு? எல்லாம் பாத்துட்டாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

ஒர்க்ஷாப் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அர்விந்துக்கு நிஜமாகவே பதறியது. "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பழைய வாரண்டி இருக்கு. இங்கயே தொறந்து கைய வெச்சா நான் ரிப்போர்ட் எழுதணும், அதுவும் கேன்சல் ஆயிடும்."

"எழுதிக்க" என்றாள் ஆராயி. "வண்டிக்காரன் அவன் வண்டியத் தொட்டான்னு எழுது. கையெழுத்து நான் போடறேன், கொண்டா."

யாரும் சிரிக்கவில்லை. சுப்பு அவளைப் பார்த்தான். பிறகு பானெட்டைத் தூக்கினான். ஒரு ஒயரைத் தொட்டான், அடுத்ததைத் தொட்டான், கிளிப்பை அழுத்திப் பார்த்தான், ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆனது. அவளுக்கு அவசரமில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றான் சுப்பு. குறை கண்டுபிடித்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. இருந்ததைச் சொன்னான். பானெட்டைப் படாரென்று மூடினான், சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது.

முன்னால் கூட்டம் இன்னும் கலையாமல் நின்றது. சுப்பு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"ஹட்டோ பையா! வண்டி வருதில்ல!"

ஒன்பது நாள் கழித்து அவன் தொண்டை திறந்து கத்தியது அந்த ஒர்க்ஷாப் முழுக்கக் கேட்டது. கூட்டம் விலகியது.