ஒன்பது சதவீதக் கசிவு

"ஏசிய அணை."

"வேர்க்குதுங்க."

"வேர்க்கட்டும். பேட்டரி பதினாலுதான் இருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை சொட்டு. தானே கையை நீட்டி ஏசியை அணைத்தான், ரேடியோவை அணைத்தான், மனைவியின் போனில் செருகியிருந்த சார்ஜர் வயரையும் பிடுங்கினான். மணி நாலு இருபத்தைந்து. ஷோரூமுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர். முன்னால் ஒரு சிமென்ட் லாரி, இந்த உலகத்தில் தனக்கு எந்த வேலையும் இல்லாதது போல உருண்டுகொண்டிருந்தது.

ஷோரூம் ஐந்து மணிக்கு மூடும். மின்சாரக் கார் பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளைக்குள் திருப்பித் தரலாம், கொடுத்த பழைய பெட்ரோல் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இன்று பதினான்காவது நாள். இன்னொரு வரியும் இருந்தது: வண்டி வந்து சேரும்போது பேட்டரியில் பத்து சதவீதமாவது இருக்க வேண்டும். ஒன்பது என்றால் வாங்க மாட்டார்கள். நாளை காலை பழைய கார் ஏலத்துக்குப் போய்விடும்.

"வர்ற வழியில அந்த சார்ஜர்ல அஞ்சு நிமிஷம் நின்னிருக்கலாம்," என்றாள் மனைவி.

"எப்படி நிக்கிறது? ஒருத்தன் வண்டியச் செருகிட்டு எங்கயோ சாப்பிடப் போயிட்டான். அவன் கைகழுவி வர்ற வரைக்கும் நான் அங்கயே குடித்தனம் நடத்தணுமா?"

"நேத்து ராத்திரி வீட்டுலயே போட்டிருக்கலாம்."

"போட்டா எப்படி நிரூபிக்கிறது? முப்பத்தஞ்சுல விட்டேன். காலையில இருபத்தாறு. அப்படியே கொண்டுபோய்க் காட்டணும். தடயத்தக் கழுவிட்டுப் புகார் குடுக்க முடியுமா?"

அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொட்டு என்பது ஆபீசில் வைத்த பெயர். குடிநீர் வாரியத்தில் அவனுக்குக் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, ஆறடி ஆழத்தில் எந்தக் குழாய் எந்த இணைப்பில் அழுகிறது என்று சொல்லிவிடுவான். பதினெட்டு வருஷத்தில் தப்பாகத் தோண்டவைத்தது இரண்டே தடவை. மூன்று சுவர் தாண்டி ஒரு குழாய் சொட்டினால் தூக்கத்தில் எழுந்து உட்காருவான். அந்த வேலை அவனுக்கு ஒரு முடிவைக் கற்றுக்கொடுத்திருந்தது: எது குறைந்தாலும், எங்கோ கசிகிறது.

மின்சாரக் காருக்கு மாறியதே அவன் விருப்பத்தில் அல்ல. பழைய கார் மாதத்துக்கு ஒருமுறை நடுரோட்டில் படுத்தது. மனைவிதான் நச்சரித்து வாங்க வைத்தாள். முதல் நாள் பழக்கதோஷத்தில் நேராகப் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து நின்றான். "எதுல சார் ஊத்தறது?" என்று பங்க் ஊழியர் வண்டியைச் சுற்றி வந்தபோது, மானத்தைக் காப்பாற்ற நாலு டயருக்கும் காற்றடித்துக்கொண்டு திரும்பினான். இரண்டாம் நாள் இல்லாத கிளட்சைத் தேடிய இடது கால் பிரேக்கில் விழுந்து, பின்சீட்டிலிருந்த தர்பூசணி முன்சீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் ஆன் நிலையிலேயே விட்டுவிட்டு ஆபீசுக்குள் போனான்.

நாலாம் நாள் காலையில்தான் கவனித்தான். ராத்திரி எண்பதில் விட்டது எழுபத்தொன்றில் நின்றது.

ராத்திரி முழுக்கச் செருகி வைப்பதில் அவனுக்கு நம்பிக்கையில்லை. எண்பது வந்ததும் பத்து மணிக்குப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பான். மறுநாளும் எண்பது, எழுபத்தொன்று. அதற்கடுத்த நாளும். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தான். கம்பியை எடுத்துவந்து வண்டியின் வயிற்றில் ஊன்றி அரைமணி நேரம் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "என்ன சார், தலைப்பிரசவமா?" என்று விசாரித்தார்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. பழைய காரில் அந்த எண் செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பார்க்கிற பழக்கமே கண்ணுக்கு விட்டுப்போயிருந்தது. இதில் அது திரையின் மூன்றாவது பக்கத்தில் பதுங்கியிருந்தது. போனில் பார்க்கலாம்தான். ஆனால் அவன் போன் கிழடு. ஆப் மனைவியின் போனில்தான் ஏறியது. "ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டால், "எல்லாம் சரியாத்தான் காட்டுது," என்பாள்.

லாரி ஒருவழியாக விலகியது. சொட்டு வேகத்தைக் கூட்டவில்லை. ஐம்பதிலேயே பிடித்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரனால் திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். பதின்மூன்று. பன்னிரண்டு.

"நீங்க இப்படி ஓட்டினா மாட்டு வண்டியே முந்திரும்."

"உனக்கு என்ன தெரியும், ஓட்டறதப் பத்தி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால், லைசென்ஸ் வாங்கிய மறுவாரம், பழைய காரை அவள் ஓட்டிக்கொண்டு போனாள். நீர்த்தேக்கத் தொட்டிக்குப் போகிற மேட்டில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்து கிளட்சை விட்டதும் இன்ஜின் அணைந்தது. கார் பின்னால் உருண்டு ஒரு வேனில் மோதியது. பெரிய சேதமில்லை. ஆனால் சொட்டு நடுரோட்டில், அத்தனை ஹாரனுக்கு நடுவில், "இறங்கு, அந்தப் பக்கம் போய் உக்காரு," என்றான். அன்று அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் இந்தக் கதையைச் சொல்லுவான். 'ரிவர்ஸ் ராணி' என்ற பட்டத்தையும் சொல்லுவான். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் காபி கொண்டுவர எழுந்துபோவாள்.

மேம்பாலத்தின் இறக்கத்தில் சொட்டு காலை எடுத்துவிட்டான். வண்டி தானாகவே வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்கியது. பன்னிரண்டாக இருந்த எண் பதின்மூன்றானது.

"பாத்தியா, இறங்கினா ஏறுது," என்றான். குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. உடனே அதைத் துடைத்தான். "இவ்வளவு நல்லா செஞ்சவங்க ஓட்டைய அடைச்சிருக்கக் கூடாதா."

"ஒன்பதுதானே போகுது. போனா போகட்டும்னு விட்டா என்ன?"

"இன்னிக்கு ஒன்பது, நாளைக்குத் தொண்ணூறு. கசிவு என்னிக்காவது தானா நின்னிருக்கா? வீட்டுல எந்தச் சாமான்தான் ஒழுங்கா இருக்கு. அந்த ஃப்ரிட்ஜப் பாரு, தினம் விடிகாலை அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நீ வாக்கிங் கிளம்பின கையோட, 'உம்ம்'னு முனகுது. மெக்கானிக் வந்து ஒண்ணுமில்லங்கறான்."

அவள் ஜன்னலை இறக்கினாள். ஏற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"அதுக்கும் கரண்டு செலவாகும்," என்றான்.

"காத்து வேணும்."

நாலு ஐம்பதுக்கு ஷோரூம் வாசலில் நுழைந்தார்கள். சொட்டு திரையைப் பார்த்தான். பத்து. வண்டியை அணைத்துவிட்டு முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டான். பின்கட்டில், ஏலத்துக்கான வண்டிகளின் வரிசையில், பழைய கார் புழுதி படிந்து நின்றிருந்தது.

டெக்னீஷியன் ஓர் இளம்பெண். கையில் டேப்லட், காதில் பென்சில். எண்ணைச் சரிபார்த்தாள். "பத்து இருக்கு. வாங்கிக்கலாம். இந்த ஃபாரத்த நிரப்பிருங்க சார். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதையும்."

சொட்டு பேனாவைத் திறந்தான்.

"'பிடிக்கல'ன்னு எழுதிருங்க," என்றாள் மனைவி. அவள் குரல் இதுவரை இல்லாத வேகத்தில் வந்தது. "ரெண்டு நிமிஷத்துல வேல முடிஞ்சிரும். பழைய வண்டியிலயே போயிரலாம்."

"பிடிக்காம இல்லையே. கசியுது, அதானே காரணம்," என்றான் சொட்டு. பதினெட்டு வருஷத் தொழில் கௌரவத்தோடு அழுத்தி எழுதினான்: பேட்டரியில் கசிவு. தினம் ஒன்பது சதவீதம்.

டெக்னீஷியன் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "இப்படி எழுதினா நான் பதிவ எடுத்துப் பாத்தே ஆகணும், சார்."

"பாரும்மா. அதுக்குத்தான் எழுதினேன்."

டேப்லட்டில் விரலை மேலும் கீழும் ஓட்டினாள். மனைவி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கசிவு எதுவும் இல்ல. வண்டி ஓடியிருக்கு. தினம் காலையில நாலு ஐம்பதுக்கு எடுத்து, ஆறு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்காங்க. முப்பத்தோரு கிலோமீட்டர். பதினொரு நாளா."

"நாலு ஐம்பதுக்கா? என் வண்டியவா?" சொட்டு நாற்காலியை விட்டு எழுந்தான். "எவனோ திருடி ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறானா? என் காதுக்குத் தெரியாம? சுவத்துல பல்லி நடந்தா எழுந்திருவேன் நான்."

"இது பெட்ரோல் வண்டி இல்லையே சார். மெதுவா போகும்போது 'உம்ம்'னு ஒரு முனகல், அவ்வளவுதான்."

சொட்டு வாயைத் திறந்தான். ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. மூடினான்.

"சாவிக் கார்டு ரெண்டு குடுத்தோம். ரெண்டாவது கார்டுலதான் எடுத்திருக்காங்க. ஓட்டினவங்க பேரு இதுல வராது. ஆனா ரெண்டாவது டிரைவர்னு சீட்டையும் கண்ணாடியையும் பதிஞ்சு வச்சிருக்காங்க. பாக்கறீங்களா?"

கேட்டுக்கொண்டே காரின் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, '2' என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஓட்டுநர் சீட் நகரத் தொடங்கியது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல் முன்னால் வந்தது. ஒரு சாண், அதற்கும் மேல். பிறகு மேலே உயர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. வெளிக்கண்ணாடிகள் இரண்டும் மெல்லத் தலை குனிந்தன. எல்லாம் நின்றது. யாரோ ஒருத்தர் அதில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. சொட்டைவிட ஒரு முழம் குட்டையான யாரோ.

சொட்டு அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை.

"சார், ஃபாரத்துல கையெழுத்து," என்றாள் டெக்னீஷியன். "மூணு நிமிஷம்தான் இருக்கு."

சொட்டு ஃபாரத்தை வாங்கினான். தான் எழுதியதை ஒருமுறை படித்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "கசிவு இல்லையே," என்றான். "வீட்டுக்குப் போற அளவுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடும்மா."

வண்டியைச் செருகிவிட்டு டெக்னீஷியன் உள்ளே போனாள். நாற்பது நிமிஷம் பிடித்தது. ஷோரூமின் விளம்பர விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சார்ஜ் ஏறி முடிந்ததும் மனைவி எழுந்தாள். சொட்டைத் தாண்டி நடந்தாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். எதையும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. கால் பெடலில் இருந்தது, கண்ணாடி கண்ணுக்கு நேராக இருந்தது. கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து இரண்டாவது கார்டை எடுத்தாள்.

சொட்டு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தினம் எங்க போவ?"

அவள் முதலில் ஏசியைப் போட்டாள்.

"அந்த மேட்டுக்குத்தான். சிக்னல் பக்கத்துல பத்து தடவ நிறுத்தி, பத்து தடவ எடுப்பேன்." காரைப் பின்னால் எடுத்து, ஒரே வீச்சில் வாசலை நோக்கித் திருப்பினாள். "ஒரு தடவகூடப் பின்னால போகல."