பூட்ட மறந்த பென்டிரைவ்

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது: கணினியைத் தொடங்க முடியவில்லை. மெக்கானிக் மேசைக்கு அடியில் நுழைந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். மொத்த மருந்துக் கடையின் பில் போடும் அறை அது. வெளியே அட்டைப் பெட்டிகள் கூரை முட்ட நின்றன. பில் இல்லாமல் சரக்கு ஏற்ற முடியாது என்பதால் டிரைவர்கள் வாய் வலிக்க ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பில் போடும் அக்கா உட்காராமல் அவன் பக்கத்திலேயே நின்றாள். வைரஸாகத்தான் இருக்கும், அதை யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று முதலாளி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கணினியைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். புருஷன் தவறிப்போன பிறகு மகளை வைத்துக்கொண்டு அவள் பிழைப்பது இந்த நாற்காலியை நம்பித்தான்.

ஒயரில் கோளாறு இல்லை. மெக்கானிக் ஒரு சிடியைப் போட்டுக் கணினியை எழுப்பினான். கெட்டுப்போயிருந்த தொடக்கக் கோப்புகளைச் சரிசெய்து, வைரஸை அழித்து, மறுபடி ஆன் செய்தான். வைரஸ் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அழிக்க அழிக்க அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அது எங்கிருந்து முளைக்கிறது என்று பிடித்து வேரோடு பிடுங்கினான். அக்கா பெருமூச்சு விட்டாள்.

அது உள்ளே நுழைந்த தேதியை அவன் இரண்டு முறை பார்த்தான். அவன் பிரிண்டர் சரிசெய்ய வந்து போன நாள் அது. தன் பென்டிரைவை லேப்டாப்பில் செருகிப் பார்த்தான். அதே கோப்பு அதிலும் ஒளிந்திருந்தது. அந்தப் பென்டிரைவில் வெளியிலிருந்து எதுவும் ஏறிவிடாமல் இருக்க ஒரு சின்னப் பூட்டு உண்டு. அன்று ஜெராக்ஸ் கடையில் எதையோ ஏற்றுவதற்காக அதைத் திறந்தவன், பூட்ட மறந்து நேராக இங்கே வந்துவிட்டான். வைத்தியனே நோயைக் கொண்டுவந்தான் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் அவனை உள்ளே விடுவார்?

"எப்படிப்பா வந்துச்சு?" முதலாளி வாசலில் நின்றார்.

மேசையோரம் ஒரு சார்ஜர் ஒயர் தொங்குவதை மெக்கானிக் ஏற்கனவே பார்த்திருந்தான். "யாரோ ஃபோனைச் சொருகியிருக்காங்க சார்."

அக்காவின் முகம் செத்துப்போனது. "சார்ஜுக்குத்தான் சார் போட்டேன்," என்றாள். அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

முதலாளி சத்தம் போடவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடச் சொன்னார். இந்த ஒரு தடவை மன்னித்துவிடலாமே என்று மெக்கானிக் ஒப்புக்கு முணுமுணுத்தான். உனக்கு இளகின மனசுப்பா என்று அவர் அவன் தோளைத் தட்டினார்.

அக்கா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு அவனிடம் வந்தாள். "தம்பி, இந்த ஃபோனைச் சுத்தம் பண்ணிக் குடு. அடுத்துப் போற இடத்துலயும் இப்படி ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

அதில் ஒன்றும் இருக்காது என்று அவன் இழுத்தான்.

"நீதானே இருக்குன்னு சொன்னே?"

முதலாளி இன்னும் நகரவில்லை. மெக்கானிக் ஃபோனைக் கையில் வாங்கினான். "எல்லாத்தையும் அழிக்கணும்க்கா. போட்டோ எதுவும் மிஞ்சாது."

அவள் தயங்கினாள். "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருந்து பேசி அனுப்பினது ஒண்ணு இருக்கு. அவரு குரலுன்னு எங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

அதையாவது முதலில் எடுத்து வைத்துவிடலாம் என்று அவன் அவசரமாக லேப்டாப்பை இழுத்தான்.

"ஏம்ப்பா, அந்த ஃபோனைப் போய் எதுலயாவது சொருகாதே," என்றார் முதலாளி.

மெக்கானிக்கின் கை நின்றது. அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "போகட்டும் தம்பி. அழிச்சிடு."

அவன் அழித்தான். ஃபோன் அணைந்து, சற்று நேரம் கழித்து வெளிச்சம் வந்தது. புதிதாகக் கடையில் வாங்கியது போல வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அக்கா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும் தம்பி," என்றாள்.