ஆறுவதற்குள் திறந்த உலை

மறுநாள் காலைக்கு முன் உலையைத் திறக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளை சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது மூடி தரையில் கிடந்தது. பக்கத்தில் மாமனாரும் காகித ஆலை மேனேஜரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கரி சிவந்துகொண்டிருந்தது.

ஆலையின் கழிவுச் சேறு அது. அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்கி, காயவைத்து, மருந்து சேர்த்து, காற்றுப் புகாமல் சுட்டால் அழுக்குத் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் உறிஞ்சும் கரியாகும். ஆறுவதற்குள் காற்றுப் பட்டால் சாம்பல். வேதியியல் படித்த அவன் இதிலேயே கிடந்தான். மனைவி செத்த பிறகு அவனுக்கு வேறு போக்கிடமும் இல்லை. மகள் போன பின்னும் மாமனார் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார். லீவு கேட்டால் மட்டும் வேலைக்காரன்.

கரி தேறினால் சேறு முழுவதும் மாமனாரின் இந்தப் பட்டறைக்கே வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் வழக்கம்போல் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னாலுள்ள பள்ளத்துக்கு. அங்கே கிணற்றுத் தண்ணீரில் அலசிய துணியைப் போட்டுக்கொண்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அவன் குடியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

இடுக்கியால் மூடியைத் தூக்கி உலையை மூடினான். அதற்குள் கரி நரைத்துவிட்டது.

சார் அவசரமாகப் போக வேண்டுமாம், கண்ணில் காட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தாராம் மாமனார்.

"பாத்திரம் தேய்க்க ஆகும்," என்றார் மேனேஜர்.

மாமனார் சிரித்து வைத்தார். ஆபீசுக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்து, போன தடவை சுட்டது என்று நீட்டினார். கடையில் வாங்கிய சிரட்டைக் கரி. மேனேஜர் உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

மாப்பிள்ளை மாமனாரை ஓரமாக இழுத்தான். "சேறு வந்து எறங்குனா என்ன பண்ணுவீங்க மாமா? உலை ஒண்ணுதான் இருக்கு."

"வரட்டும் மாப்ள. ஏத்திட்டுப் போறதுக்குக் காசு தர்றாங்க. பள்ளம் எங்க ஓடிடப் போகுது?"

இத்தனை நாள் அவன் ஊறவைத்ததும் உலர்த்தியதும் இந்த ஆளுக்கு ஒரு திரை.

"சார், அது கடையில வாங்குன கரி," என்றான் உரக்க. "நம்மளுது எரிஞ்சு போச்சு. எரிச்சவர் இதோ நிக்கிறார்."

மேனேஜர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபப்படக்கூட இல்லை. அப்படியென்றால் பள்ளமே ஆகட்டும் என்று லாரிக்குப் போன் போட்டுவிட்டுப் புறப்பட்டார். மாமனார் வாய்க்கு வந்தபடி பேசினார். சோறு போட்ட கை, நன்றி கெட்ட ஜென்மம், எல்லாம் வந்தது. அவன் வாசலுக்கு நடந்தான்.

பள்ளத்துக்குப் போகும் லாரி அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். நடுச்சாலையில் நின்று மறித்தான்.

"உள்ள விடுங்கண்ணே. ஆபீஸ் முன்னாடி கொட்டுங்க."

டிரைவருக்குப் பாதி தூரம் ஓட்டுகிற வேலை மிச்சம். பின்பக்கமாக உள்ளே விட்டார். சாம்பல் நிறச் சேறு சரிந்து வந்து படியை மூடியது, பக்கத்தில் நின்ற மாமனார் காரின் சக்கரத்தை மூடியது, கதவைப் பாதி மூடியது.

"மாப்ள, காரு," என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும். சேறெல்லாம் உலைக்குப் போனதும் காரு தெரியும்."

மண்வெட்டியை எடுத்து முதல் கூடையை நிரப்பினான். இரண்டாவது மண்வெட்டியை மாமனாரின் காலடியில் போட்டான்.