பல் டாக்டரின் விமானம்

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் டார்ச்சம்மா. பட்டப்பகலிலும் கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவாள் என்பதால். நெடுஞ்சாலை செக்போஸ்டில் வண்டி ஆய்வாளர் வேலை, பத்தொன்பது வருடம். டயர் பள்ளத்துக்குள் குச்சி விட்டு அளப்பாள். பின்சக்கர ரப்பர் ஒரு மயிரிழை குறைந்தாலும் ஓரங்கட்டச் சொல்லிவிடுவாள். கெஞ்சினாலும் எழுதுவாள், கெஞ்சாவிட்டாலும் எழுதுவாள். "இந்தம்மா வீட்டுக்காரர் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி நகத்தைக் காட்டணும்போல" என்று டீக்கடையில் டிரைவர்கள் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்ததுதான். விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டிலேயே ஒருவன் விமானம் கட்டினான்.

அவளுடைய கொழுந்தன், பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதில் சிலருக்கு மூட்டு வலி வரும், சிலருக்கு பக்தி வரும். இவனுக்கு இறக்கை முளைத்தது. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, கார் கொட்டகையில் வைத்து இரண்டு வருடம் முடுக்கினான். இரண்டு பேர் உட்காரலாம். உட்கார்ந்தால் முறை வைத்துத்தான் மூச்சு விட வேண்டும். எப்படியோ ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த தனியார் ஓடுதளத்தில் கொண்டுபோய் நிறுத்தியும் விட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளை, அதாவது டார்ச்சம்மாவின் ஒரே பெண்ணை, ஏற்றிக்கொண்டு பறக்கப்போவதாக வீடு முழுக்க அதே பேச்சு.

சனிக்கிழமை மதியம் அவள் ஓடுதளத்துக்குப் போனாள். டார்ச்சோடுதான். விமானத்துக்கு அடியில் புகுந்தவள் வெளியே வர அரைமணி நேரமானது.

"தம்பி, டயர்ல நூல் தெரியுது."

"அண்ணி, தரையில ஓடறதே ரெண்டு நிமிஷம். மீதி நேரம் காத்துலதானே இருக்கப் போவுது."

"பெட்ரோல் குழாயோட கிளிப்பு எங்க? ஏதோ கம்பி சுத்தியிருக்கு."

"கிளிப்பு உடைஞ்சிடுச்சு. அது பல்லுக்குக் கட்டற கம்பி, முதல் தரம். ஒரு பையன் வாயில மூணு வருஷமா அசையாம இருக்கு."

"அந்தப் பையன் வாய் இப்படி அதிருமா?"

"அவங்க அம்மாவைக் கேட்டா ஆமாம்பாங்க" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

கோப்பைக் காட்டச் சொன்னாள். பரிசோதனைச் சான்றில் உரிமையாளர் கையெழுத்து அவனுடையது. பரிசோதித்தவர் கையெழுத்தும் அவனுடையது. ஓட்டுபவரின் உடல்தகுதிக்கு ஒரு டாக்டர் சான்று கொடுத்திருந்தார். அந்த டாக்டரும் அவனே. "பல் டாக்டரும் டாக்டர்தானே அண்ணி?" என்றான். பொழுதுபோக்கு விமானம் என்ற வகைக்கு விதி அவ்வளவுதானாம். அதோடு முகப்பில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியிருந்தான்: 'இந்த விமானம் எந்தத் தரவிதிக்கும் உட்பட்டதல்ல. அறிந்து ஏறவும்.' உருளைக்கிழங்கு ஏற்றும் லாரியில் எவனாவது இப்படி ஒட்டியிருந்தால் அன்றைக்கே கம்பி எண்ணியிருப்பான். இவனுக்கோ அந்தச் சீட்டு ஒட்டினதாலேயே எல்லாம் சட்டப்படி சரியாகிவிட்டது.

விமானத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பொறுமையான மனிதர். "ஓட்டறவரும் கூடப் போறவரும் விருப்பப்பட்டுத்தானே போறாங்க? அதுல நாங்க தலையிடறதில்லம்மா. ஆனா கீழ இருக்கறவங்க மேல விழக்கூடாதுன்னு கண்டிப்பான விதி இருக்கு" என்றார்.

"அதை யார் பாத்துக்கணும்?"

"விழறவர்தான்மா."

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "அவன் படிச்சவன், தெரியாமயா செய்வான்" என்றார் கணவர், செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்காமல். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அதட்டி உட்கார வைக்கிற காலம் மலையேறிவிட்டது. "உனக்கு எதைப் பாத்தாலும் லாரியாத்தான் தெரியும்மா. சித்தப்பா ஆசையா கூப்பிடறார். திங்கக்கிழமை ஹாஸ்டல் போயிட்டா அப்புறம் ஆறு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். டார்ச்சம்மாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நெடுஞ்சாலையில் வருகிற அத்தனை வண்டிகளையும் நிறுத்துகிற கைக்குத் தன் பெண்ணை நிறுத்த வழியில்லை.

ஞாயிறு காலை அவளுக்கு வேலை. ஏழு மணிக்கு செக்போஸ்டில் வந்து நின்றது ஒரு டேங்கர். மாதம் ஒருமுறை ஓடுதளத்துக்கு விமானப் பெட்ரோல் கொண்டுபோகிற வண்டி. அங்கே தொட்டி காலி என்று கொழுந்தன் முந்தின நாளே சொல்லியிருந்தான். இது வந்து ஊற்றினால்தான் அவன் பறக்க முடியும். வேறு பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஆச்சாரமாக இருந்தான்.

அவள் டார்ச்சை எடுத்தாள். டேங்கருக்கு ஆயிரம் விதி, ஒன்றாவது தவறாமலா போகும்?

தவறவில்லை. பிரேக், விளக்கு, வால்வு, தீயணைப்பு உருளை, தரையில் இழுபடும் சங்கிலி எல்லாம் பளிச்சென்று இருந்தன. டயருக்குள் குச்சி விட்டால் குச்சி போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் தேடினாள். முன்னொரு காலத்தில் தேதி ஒரே ஒரு நாள் தாண்டிய உருளைக்காக இதே டிரைவருக்கு எழுதியவள் அவள்தான். பதினோரு வருடம் எழுதி எழுதி அவரை ஒரு குறையும் இல்லாத மனிதராக ஆக்கி வைத்திருந்தாள். தன் கைவேலை தன் வாயிலேயே மண்ணைப் போட்டது. அவருடைய லைசென்ஸில் இன்னும் ஒரே ஒரு குற்றக் குறிப்பு ஏறினால் ஆறு மாதம் வண்டியைத் தொட முடியாது. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவைத் திறந்தாள்.

"என்னம்மா, எழுதறீங்களா?" என்றார் டிரைவர். ஐம்பது தாண்டியவர், நிதானமான பேச்சு. "எதுக்குன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்."

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. இருந்ததை அப்படியே கொட்டிவிட்டாள். டயர், பல் கம்பி, மூன்று கையெழுத்து, பெண்.

"அந்த பிளேனுக்கு எழுதிடுங்களேன்."

"என் புத்தகத்துல அதுக்குப் பக்கம் கிடையாதுங்க."

"எனக்கு மட்டும் பக்கம் பக்கமா இருக்கு." அவர் கோபமாகச் சொல்லவில்லை; அதுதான் அவளுக்கு உறைத்தது. பேனாவை மூடிப் பையில் போட்டாள். "போங்க. நான் எழுத மாட்டேன். உங்க மேல தப்பில்ல."

அவர் போகவில்லை. கேபினுக்குள் ஏறி, டிரைவர்கள் ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் ஏட்டை எடுத்து ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். 'களைப்பாக உள்ளேன். ஓட்ட இயலாது.' சரக்கு வண்டி டிரைவர் இப்படித் தானாக எழுதினால் பத்து மணி நேரம் அவரை யாரும் ஓட்டச் சொல்லக் கூடாது, குறிப்பும் ஏறாது என்று ஒரு விதி உண்டு. கம்பெனிக்குப் பயந்து இதுவரை ஒரு டிரைவரும் அதைத் தொட்டதில்லை. பத்து மணி நேரம் என்றால் மாலை ஆறு. ஓடுதளம் ஐந்துக்கே மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாற்று டிரைவரும் கிடைக்கமாட்டார்.

"கம்பெனியில ஏசுவாங்களே. எனக்காக நீங்க பொய் எழுத வேணாம்."

"பொய் இல்லம்மா. இருபத்தாறு வருஷமா களைப்பாத்தான் இருக்கேன். யாரும் கேக்கல, நானும் எழுதல." செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையில் நீட்டிப் படுத்தார். அவளுக்குக் கண் கலங்கியது. பதினோரு வருடத்தில் அந்த மனிதரிடம் ஒரு தடவை சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, எங்க டேங்கர் உங்க செக்போஸ்ட்லதான் நிக்குதாம். டிரைவர் களைப்பா இருக்குன்னு படுத்துட்டாராம். இதெல்லாம் ஒரு காரணமா? கொஞ்சம் தட்டி எழுப்பி விடுங்க. இங்க எல்லாரும் ரெடி."

"அவரை எழுப்ப சட்டத்துல இடமில்ல தம்பி."

"என்ன சட்டம் அண்ணி? நான் நேத்து ராத்திரி ஒரு பொட்டுக் கண்ணு மூடல. விடிய விடிய இன்ஜினை நோண்டிக்கிட்டு இருந்தேன். முந்தின ராத்திரியும் அப்படித்தான். நான் என்ன படுத்துட்டேனா? ஓட்டறதுக்கு நிக்கிறேன்ல?"

அவனுக்குப் பக்கத்திலிருந்து பெண்ணின் குரல், மெதுவாக.

"சித்தப்பா, ரெண்டு நாளா நீங்க தூங்கவே இல்லையா?"

"டேங்கரை எப்ப விடுவீங்க அண்ணி?" என்று அவன் பேச்சை மாற்றினான்.

"அவ கேக்கறா பாருங்க தம்பி, பதில் சொல்லுங்க" என்றாள் டார்ச்சம்மா. போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.