சகாயராணியின் கிட்டார்

சகாயராணிக்கு அந்தக் கிட்டாரைக் கொடுத்தவர், கம்பைநல்லூர்ப் பக்கம் வெகுகாலம் பங்குச் சாமியாராக இருந்த ஸ்பெயின்காரர். ஊர் திரும்பும்போது, பாட்டுக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஊரில் ஒருவர் தனியாளாக, கையாலேயே இழைத்துச் செய்தது. உள்ளே ஒட்டிய காகிதத்தில் செய்தவரின் கையெழுத்தும் 1964 என்ற ஆண்டும் இருந்தன. துளையருகே மூக்கை வைத்தால் பழைய மரத்தின் வாசம் வரும். கடையில் வாங்கும் கிட்டாரில் நாதம் எழும்பியதும் மடிந்துவிடும். இதில் மீட்டிய பிறகும் நின்று, மெல்லத் தேயும். அதைக் கேட்பதற்காகவே தினமும் சமையலை முடித்துவிட்டு எடுத்து உட்காருவாள்.

போன மே மாதம் சேலத்தில் ஒரு கல்யாணப் பூசைக்கு வாசிக்கப் போனாள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அவள் போன பஸ்ஸைப் பின்னாலிருந்து இடித்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து பாய்ந்தபோது, மடியிலிருந்த கிட்டாரின்மேல் இடது கையைக் குறுக்கே வைத்தாள். மணிக்கட்டில் நரம்புகள் அறுந்தன. கிட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. இனி இவ்வளவுதான் என்றார் மருத்துவர்.

அவள் கணவன் ஜேக்கப் வயரிங் வேலை செய்பவன். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே கேட்டுவிட்டான்.

“அத வுட்டுட்டு கைய இழுத்திருக்கக் கூடாதா, ராணி?”

“வுட்டிருந்தா அது ஒடஞ்சிருக்குங்க.”

“ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது.”

அவன் அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாள் அவனே கிட்டாரை எடுத்து வந்து அவள் பின்னால் உட்கார்ந்தான். “எங்க அமுத்தணும்னு சொல்லு, நான் அமுத்தறேன். நீ மீட்டு,” என்றான். அவள் சொன்ன இடத்தில் அவனது தடித்த விரல் ஒரு தந்திக்குப் பதில் இரண்டை அழுத்தியது. பல நாள் முயன்றார்கள். வந்ததெல்லாம் கரகரப்புத்தான். ஒரு மாலை அவன் விரல்நுனி கொப்பளித்திருந்ததைப் பார்த்து, “போதுங்க,” என்றாள். அப்புறம் அவன் கிட்டாரை எடுத்து வரவில்லை.

கிட்டார் சுவரோரம் நின்றது. அவள் அந்த அறைக்குப் போவதை விட்டாள்.

தருமபுரியில் பள்ளிக்கூடத்தில் இசை கற்பிக்கும் பூவரசனை அவளே போன் செய்து வரச் சொன்னாள். அவன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசிக்கவே இல்லை. பின்பலகையைத் தடவினான், துளைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு சுருதி சேர்த்து வாசிக்கத் தொடங்கினான்.

அவள் வாசித்ததைவிட நன்றாக வாசித்தான். அந்த மரத்துக்குள் இவ்வளவு இருந்தது என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

மிக்ஸியை அவள் நிறுத்தியபோது வாசிப்பும் நின்றிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க பூவரசன்,” என்றாள் வாசற்படியில் வந்து.

“அக்கா, இந்த மாதிரி ஒண்ண நான் தொட்டதே இல்ல. இத எப்பிடிங்க்கா நான்…”

“இங்க இருந்தா தெனமும் இதையே நெனச்சிட்டுக் கெடப்பேன். கூட்டத்துல ஒருநாளு எங்கயாவது வாசிங்க. ஆனா எனக்குச் சொல்லாதீங்க. நான் வரமாட்டேன்.”

ஜேக்கப் அவனை வண்டியில் காரிமங்கலம் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தான். சகாயராணி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பஸ்ல எங்க வச்சாரு?”

“மடியில.”

“ஜன்னல் பக்கமா உக்காந்தாரு?”

“கவனிக்கல, ராணி.”

அவள் தலையசைத்தாள். ஜேக்கப் அருகில் உட்கார்ந்து அவளது இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவன் பிடித்திருப்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.