பட்டம்மாள் கேட்ட லீவு

மணலி புதுநகரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டு. ஷிப்ட் முடிந்தவர்களுக்கு அங்கே மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பகலெல்லாம் ராயபுரம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்வதற்குள் உயிர் பாதி போய்விடும். புது மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் ஆட்கள் பணிவாகக் கேட்கப் பழக வேண்டுமாம். வகுப்பு கட்டாயம், பாதியில் எழுந்து போகவும் அவர் அனுமதி வேண்டும்.

பதினோரு பேரில் பட்டம்மாள்தான் கெட்டி. காலி கன்டெய்னர்களுக்குள் ஏறிப் பெருக்கிக் கழுவும் வேலை. மகள் சங்கமித்ராவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாகத் தேதி கொடுத்திருந்தார்கள். மருமகன் கப்பலில் இருக்கிறான். கூட இருக்க வேறு நாதி இல்லை.

"முறையா லீவு கேளுங்கக்கா, கண்டிப்பா தருவார்" என்றேன்.

அந்த யார்டில் லீவு கேட்கிற வழக்கமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவரிடம் "நாளைக்கு என்னுதைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இன்னொரு நாள் அவருக்கு இவர் பார்ப்பார். மேஸ்திரி கண்டும் காணாமல் இருப்பார். இருபது வருஷமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது. பட்டம்மாளுக்குக் கோதண்டம், கோதண்டத்துக்குப் பட்டம்மாள்.

என் பேச்சை நம்பிக் கேட்டாள். ஒரு தப்பில்லாமல் கேட்டாளாம். இந்த வாரம் வேலை நெருக்கடி, முடியாது, சாரி என்று மேனேஜர் அவளைவிடப் பணிவாகச் சொல்லி, மறுத்ததைக் கையோடு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார். இனி மீறிப் போனால் வேலை போய்விடும். கேட்காமலே கிடைத்துவந்ததைக் கேட்கவைத்துக் கெடுத்தவள் நான்.

வியாழன் மாலை வகுப்புக்குப் போனால் முதல் பெஞ்சில் பட்டம்மாள்.

"பொம்பளப் புள்ள பொறந்துகீது டீச்சர். பக்கத்து பெட்டுக்காரம்மாதான் கைல வாங்கிச்சாம். எனுக்கு போன் பண்ணிகீறாங்க. கன்டெய்னருக்குள்ள டவர் எடுக்கல."

"என்னாலதான்க்கா" என்றேன்.

"அத்த வுடு டீச்சர். கேக்காம போறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்றது? அத்த சொல்லிக் குடு."

மணி ஐந்தே முக்கால். ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

"எந்திரிங்கக்கா. கிளம்புங்க."

"மேனேஜராண்ட கேக்கணுமே?"

"கேக்காதீங்க. போங்க."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஏழு மணிவரை ஆஜர் என்று எழுதினேன். எனக்கும் இந்த வேலை வேண்டும்.

பின் பெஞ்சிலிருந்த கோதண்டம் எழுந்து வந்து பட்டம்மாள் இடத்தில் உட்கார்ந்தார். அவள் விட்டுப்போன நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நீ நடத்து டீச்சர். அக்காவுத நான் பாத்துக்கிறேன்."